கும்பினிப் பூட்டும் கொல்லன் பூட்டும்

பழுதுபார்க்கும் பட்டறைகளில் நாள்தோறும் ஒலிக்கும் கேள்வி ஒன்று உண்டு: ‘கம்பெனி பார்ட் போடவா, லோக்கல் போதுமா?’ இருசக்கர வண்டியாயினும் பம்புசெட்டாயினும் மாவரைக்கும் இயந்திரமாயினும் கேள்வி இதுவே. செய்த ஆலையின் உறுப்பை விலை கொடுத்து வாங்குவதா, அல்லது அதே வேலையைச் செய்வதாகச் சொல்லிக்கொண்டு வெளியே விற்கும் உறுப்பைப் பொருத்துவதா? கைத்துப்பாக்கி வைத்திருப்போரும் அதன் விசை தேயும்போது இதையே கேட்டுக்கொள்கிறார்கள். உரிமம் பெற்ற மிகச் சிலரின் தொழில்நுட்ப ஐயம் என்று இதனை ஒதுக்கிவிடலாம். ஆனால் ‘கம்பெனி’ என்ற அச்சொல்லைச் சற்றே பின்னோக்கி நடத்தினால் ‘கும்பினி’ என்ற பழைய உச்சரிப்பில் போய் நிற்கிறோம். அங்கிருந்து பார்க்கும்போது, கும்பினி செய்த உறுப்பா, ஊர்க்கொல்லன் செய்த உறுப்பா என்ற கேள்வி திண்டுக்கல் சீமையில் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுந்துவிட்ட கேள்வி என்பது விளங்கும்.

நாம் நின்று பார்ப்பதற்குத் தேர்ந்துகொள்ளும் இடம் ஆடலூர். கீழ்ப்பழனி மலையில், பன்றிமலைக்கு அண்மையில், காப்பியும் மிளகும் மலைவாழையும் விளையும் சிற்றூர். காட்டுமாடும் யானையும் பன்றியும் தோட்டத்துக்குள் இறங்குவது இங்கு செய்தியன்று, அன்றாடம். மலையடியில் கன்னிவாடி, வடக்கே விருப்பாச்சி, கிழக்கே திண்டுக்கல் பாறைக்கோட்டை. முதலிரண்டும் பாளையங்கள், மூன்றாவது, அவ்விரண்டையும் அடக்கி வைக்க யார் யாரோ மாறி மாறிப் பிடித்த கோட்டை. துப்பாக்கியின் விசையைப் பற்றிய ஒரு வரலாறு எழுத வேண்டுமானால் இம்மூன்று முனைகளுக்கு நடுவிலேயே எழுதிவிட முடியும்.

முதலில் சொற்கள். துப்பாக்கி நம் மொழிக்குத் துருக்கியச் சொல்வழி வந்தது. பீரங்கி, ‘பரங்கி’யரைக் குறித்த பாரசீகச் சொல்லின் வழி. தோட்டாவும் வடக்கிலிருந்து வந்ததே. ஆயுதம் வந்தபோது பெயரும் உடன் வந்தது, அதில் வியப்பில்லை. வியப்பு, விசைக்கு நாம் வைத்த பெயரில் இருக்கிறது. ‘குதிரையைத் தட்டினான்’ என்று நம் கதைகளில் வரும். இந்தியிலும் ‘கோடா’ என்றால் குதிரை, துப்பாக்கியின் இவ்வுறுப்பும் அதுவே. ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் கல்லைக் கவ்வி அடிக்கும் உறுப்பைச் சேவல் என்றனர். பிரெஞ்சுக்காரர் நாய் என்றனர். திரியைக் கவ்வி இறங்கும் பழைய உறுப்பை ஐரோப்பியர் பாம்பு என்றனர். எல்லாரும் அவ்விடத்தில் ஓர் உயிரைக் கண்டிருக்கிறார்கள். குழல் வெறும் இரும்பு, கட்டை வெறும் மரம். விரலின் விருப்பத்தை நெருப்பாக மாற்றும் இடமாகிய இதுதான் உயிருள்ளது என்று தோன்றியிருக்க வேண்டும். இவ்வுறுப்புகளின் தொகுதி முழுவதற்கும் ஆங்கிலத்தில் பெயர் ‘லாக்’, அதாவது பூட்டு. கதவுப் பூட்டைப் போலவே தகடு, வில், பல், அச்சு ஆகியவற்றால் ஆனது என்பதால் அப்பெயர் பொருந்தியது. இங்கிலாந்தில் கதவுப் பூட்டுக்குப் பேர்பெற்ற வில்லன்ஹாலும் துப்பாக்கிப் பூட்டுக்குப் பேர்பெற்ற டார்லஸ்டனும் அடுத்தடுத்த ஊர்கள். திண்டுக்கல்லின் பெயரைச் சொன்னவுடன் பூட்டு நினைவுக்கு வரும் நமக்கு, இவ்விரண்டையும் முடிச்சிட்டு ஒரு கதை கட்டும் ஆசை எழும். ஆனால் 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு இருபதாம் நூற்றாண்டில் வளர்ந்த தொழில். பாளையக்காரர் காலத்துப் பட்டறைகளின் நேர் வாரிசாக அதனைக் காட்டுவதற்கில்லை. ஒப்புமை ஒப்புமையாகவே இருக்கட்டும்.

*

பாளையங்களில் வழங்கிய துப்பாக்கி, திரித்துப்பாக்கி. மெல்லப் புகைந்துகொண்டிருக்கும் கயிற்றுத்திரியை ஒரு கொக்கி கவ்வியிருக்கும். விசையை அழுத்தினால் கொக்கி சாய்ந்து, கிண்ணத்திலிருக்கும் மருந்தில் திரியின் கனல் படும். வலிய வில்லோ நுண்ணிய பல்லோ இதற்குத் தேவையில்லை. அரிவாளும் கொழுவும் அடிக்கும் கொல்லன் இதன் விசையையும் அடித்துவிடலாம். உடைந்தால் மறுநாளே வேறொன்று செய்து தரலாம். அடிக்கும் உறுப்பின் அதிர்ச்சி இல்லாமையால், நின்று குறி பார்ப்பவனுக்கு இது உகந்ததாகவும் இருந்தது. குறைகள் பெரியவை: மழையில் அணையும், இருளில் கனல் காட்டிக்கொடுக்கும், நெருக்கி நிற்கும் படையில் ஒருவனின் திரி மற்றவனின் மருந்துப்பையைக் கொளுத்தும். ஆயினும் விறகுக்கும் கரிக்கும் பஞ்சமில்லாத மலையடிவாரத்தில், வெளியார் எவரையும் எதிர்பாராமல் உயிர்த்திருக்கக்கூடிய ஆயுதம் இதுவே.

சக்கிமுக்கித் துப்பாக்கி வேறு வகை. இதில் கல், எஃகுத் தகட்டில் மோதிப் பொறி தெறிக்க வேண்டும். அதற்கு மூன்று விற்கள் ஒத்திசைய வேண்டும். வில்லின் பதம் மிகுந்தால் உடையும், குறைந்தால் தளரும். தகட்டின் முகம் கடினப்படவில்லையெனில் பொறி பறக்காது. அடிக்கும் உறுப்பைப் பிடித்துவைக்கும் பல் ஓர் இழை தேய்ந்தாலும், எண்ணாத நேரத்தில் வெடி கிளம்பும். கல்லும் ஓயாமல் மாற்றப்பட வேண்டும். கும்பினிப் படைக்குரிய கல், இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்துப் பிராண்டன் ஊரில் உடைக்கப்பட்டு வந்தது. எனவே இத்துப்பாக்கியை ஏற்பவர் கூடவே ஒரு பட்டறையையும், பதம் தெரிந்த தொழிலாளரையும், தொலைதூர வணிகத்தையும் ஏற்றாக வேண்டும்.

இதனை நம் பகுதியில் முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் ஹைதர் அலி. மைசூர் அரசின் படைத்தலைவராக 1755இல் திண்டுக்கல்லுக்கு அனுப்பப்பட்ட அவர், பிரெஞ்சுப் பொறியாளர்களின் துணையோடு அங்கு ஆயுதச்சாலை ஒன்றை அமைத்தார். வரலாற்று நூல்கள் ஒற்றை வரியில் கடந்துபோகும் இச்செய்தி நம் பொருளுக்கு மையமானது. துப்பாக்கியை வாங்குவது வேறு, துப்பாக்கி செய்யும் ஆற்றலை வாங்குவது வேறு என்ற தெளிவு இதிலிருக்கிறது. அவர் மகன் திப்பு இதை மேலும் வளர்த்தார். சீரங்கப்பட்டினம் உள்ளிட்ட இடங்களில் அவர் அமைத்த பட்டறைகள் சக்கிமுக்கித் துப்பாக்கிகளையும் கைத்துப்பாக்கிகளையும் செய்தன. 1788இல் பிரான்சு சென்ற அவருடைய தூதுக்குழு பதினாறாம் லூயியிடம் படை உதவியோடு கைவினைஞர்களையும் கேட்டது. திப்புவின் பட்டறைகளிலிருந்து வந்த இணைக் கைத்துப்பாக்கிகள் சிலவற்றில் ஒன்றின் பூட்டு வலப்புறமும் மற்றதன் பூட்டு இடப்புறமும் அமைந்திருக்கும். இரு கைக்கும் இரண்டு. ஐரோப்பிய மாதிரியை அப்படியே பார்த்து அடித்தவனல்லன், பூட்டின் இயக்கத்தை உள்ளும் புறமும் அறிந்தவனே இடப்புறத்துக்குத் திருப்பி அமைக்க முடியும்.

பாளையங்களுக்கு இவ்வசதி இல்லை. 1772இல் காளையார்கோயில் போரில் கணவரை இழந்த வேலு நாச்சியார் விருப்பாச்சியில் கோபால நாயக்கரின் பாதுகாப்பில் தங்கியதும், ஹைதரின் உதவியை நாடியதும், 1780இல் சிவகங்கையை மீட்டதும் நாம் அறிந்தவை. அவ்வுதவியின் உள்ளீடு ஆளும் குதிரையும் மட்டுமன்று, நவீன ஆயுதமும்தான். பாளையக்காரரின் வீரத்தைப் பாடுவோர் இத்தேவையைப் பேசுவதில்லை. வீரம் குறைந்ததால் அவர்கள் தோற்கவில்லை. பூட்டுச் செய்யும் பட்டறை கையில் இல்லாததும் தோல்வியின் ஒரு பகுதி.

*

1801ஆம் ஆண்டு, இந்த வரலாற்றின் கணு. திண்டுக்கல் 1790இல் கும்பினியார் கைக்கு வந்து, 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டின உடன்படிக்கையால் உறுதிப்பட்டிருந்தது. கோபால நாயக்கர் மருது சகோதரர்களோடும் மலையாள, கன்னடப் பகுதித் தலைவர்களோடும் கூட்டணி அமைத்தார். 1800 ஜூனில் கோவைக் கோட்டையைத் தாக்கும் முயற்சி முறிந்தது. 1801இல் அவர் பிடிபட்டுத் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டு மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி விழுந்தது; அக்டோபர் 24இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். இப்போரில் கும்பினி அதிகாரியாக ஈடுபட்ட ஜேம்ஸ் வெல்ஷ், 1830இல் வெளிவந்த தம் நினைவுநூலில், பாளையக்காரரின் நீண்ட ஈட்டிகளையும் வளரியையும் வியந்து எழுதினார். வியப்பு ஈட்டிக்கு, வெற்றி துப்பாக்கிக்கு.

தூக்குமேடைகளுக்குப் பின் வந்ததுதான் நம் கேள்விக்கு நேரடியாகத் தொடர்புடையது. 1801 டிசம்பர் 1ஆம் நாள் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட அறிக்கை, பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதையே குற்றமாக்கியது. ஒப்படைக்காதவர்க்கு மரண தண்டனை என்று அச்சுறுத்தியது. ஆயுதத்தைப் பறித்தால் அதைச் செய்பவனின் தொழிலும் பறிபோகிறது. கன்னிவாடியிலோ விருப்பாச்சியிலோ துப்பாக்கி விசை அடித்த கொல்லன், மறுநாள் கொழுவுக்கும் அரிவாளுக்கும் திரும்ப வேண்டியவனானான். அவன் பெயரை எந்த அறிக்கையும் குறிக்கவில்லை.

அதே 1801இல் கும்பினியார் கல்கத்தாவுக்கு அருகில் காசிப்பூரில் பீரங்கி வண்டிச் சாலையை நிறுவினர். அடுத்த ஆண்டு மார்ச்சில் உற்பத்தி தொடங்கிய அதுவே பின்னாளில் இந்தியப் படைக்கலச் சாலைகளின் மூத்த தாயாக எண்ணப்பட்டது. தெற்கே ஊர்ப்பட்டறை அணைக்கப்பட்ட ஆண்டும் வடக்கே ஆலை மூட்டப்பட்ட ஆண்டும் ஒன்றே.

மூன்றாவது ஒரு நிகழ்வும் அதே ஆண்டில் உண்டு. ஜனவரியில் அமெரிக்கத் தலைநகரில் ஈலை விட்னி என்பவர், பதவியிலிருந்த ஆடம்ஸ் முன்னிலையிலும் பதவியேற்கவிருந்த ஜெபர்சன் முன்னிலையிலும் ஒரே துப்பாக்கியில் வெவ்வேறு பூட்டுகளைப் பொருத்திக் காட்டினார். எதுவும் எதிலும் பொருந்தும் என்பது அவர் வாதம். 1798இல் பத்தாயிரம் துப்பாக்கிகளை இரண்டே ஆண்டில் தருவதாக ஒப்பந்தம் செய்திருந்த அவர், அவற்றை முழுமையாகத் தந்தது 1809இல்தான். எஞ்சியிருக்கும் விட்னி துப்பாக்கிகளை ஆராய்ந்த பிற்கால அறிஞர்கள், உறுப்புகள் ஒன்றுக்கொன்று மாறவில்லை, அரத்தால் இழைத்தே பொருத்தப்பட்டன என்று காட்டினர். ஜெபர்சனுக்கு இக்காட்சி புதிதுமன்று. 1785இல் பாரிஸில் ஒனரே பிளாங் என்ற பிரெஞ்சுக் கைவினைஞர் ஐம்பது பூட்டுகளின் உறுப்புகளைப் பிரித்து வைத்திருக்க, கைக்கு வந்தவற்றை எடுத்துத் தாமே சில பூட்டுகளைக் கோத்துப் பார்த்ததாக அவர் தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

‘ஆலை உறுப்பு’ என்ற கருத்து பிறந்தது இங்குதான், அதுவும் துப்பாக்கியின் பூட்டில்தான். அதுவரை ஒவ்வொரு பூட்டும் ஒரு தனி உயிர். அதன் பல் அதற்கே உரியது. உறுப்பு உடைந்தால் செய்தவனிடம் போக வேண்டும், அல்லது அவனையொத்த ஒருவன் வேண்டும். இனி, உடைந்ததை எறிந்துவிட்டுப் பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்தலாம். 1820களில் ஹார்ப்பர்ஸ் பெரி ஆலையில் ஜான் ஹால் இதை உண்மையாகவே செய்து காட்டினார். 1850களில் இங்கிலாந்து அமெரிக்க இயந்திரங்களை வாங்கி என்பீல்டில் நிறுவியது. 1857இல் கொழுப்புத் தடவிய தோட்டாவின் பெயரால் நம் வரலாற்றில் இடம்பெற்ற என்பீல்டு துப்பாக்கி, அவ்வாலையின் பெயரைத் தாங்கியதே.

இம்மாற்றத்தைப் பாராட்டுவதில் நமக்குத் தயக்கமில்லை. தையல் இயந்திரமும் மிதிவண்டியும் ஏழை வீட்டுக்கு வந்தது இவ்வழியே. ஆனால் அதன் மறுபக்கத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். எவனும் பொருத்தலாம் என்பதன் பொருள், எவனும் செய்ய முடியாது என்பதுமாகும். அளவு ஆலையின் உடைமையாகிறது. அதற்குப் பின் வெளியே செய்யப்படும் ஒவ்வோர் உறுப்பும் ‘போலி’ என்ற ஐயத்தோடே பிறக்கிறது. ஊர்க்கொல்லன் செய்ததை ஒரு காலத்தில் எவரும் போலி என்று சொல்லியிருக்க மாட்டார்கள். அசல் என்ற ஒன்று வேறெங்கும் இல்லாதபோது போலி எங்கிருந்து வரும்?

*

1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், 1801இன் அறிக்கையை நாடு முழுவதற்கும் நாகரிகமாக விரித்தது. மரண தண்டனை இல்லை, உரிமம் உண்டு. வைத்திருக்க, ஏந்த, செய்ய, விற்க, எல்லாவற்றுக்கும் உரிமம். ஐரோப்பியருக்கு விதிவிலக்கு. 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாடு இச்சட்டத்தைத் தளர்த்தக் கோரியது. அக்காலச் சென்னை மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்குப் பேர்பெற்ற பி.ஆர் அண்ட் சன்ஸ் துப்பாக்கியும் விற்றது. கடிகாரமும் துப்பாக்கியும் ஒரே கூரையின் கீழ் இருந்தது தற்செயலன்று. இரண்டும் வில்லும் பல்லும் கொண்டவை. குழலின்மேல் சென்னைக் கடையின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். உள்ளிருக்கும் பூட்டு பெரும்பாலும் இங்கிலாந்தின் பட்டறைகளிலிருந்து வந்தது. அசல், போலி என்ற பிரிவினை எவ்வளவு வழுக்கலானது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

1911 ஜூன் 17இல் மணியாச்சி நிலையத்தில் வாஞ்சிநாதன் ஆட்சியர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரவுனிங் வகைக் கைத்துப்பாக்கியால். புதுச்சேரியில் வ.வே.சு. ஐயர் அவருக்குச் சுடும் பயிற்சி அளித்தார். திரித்துப்பாக்கியும் ஈட்டியும் கொண்டு நின்ற 1801க்கும் இதற்கும் இடையே நூற்றுப்பத்து ஆண்டுகள். அந்த இடைவெளியில் நம்மூர்ப் பட்டறை அழிந்துவிட்டது. எனவே எதிர்ப்பவனும் அயல்நாட்டு ஆலையின் விசையையே நம்ப வேண்டியதாயிற்று. 1914 ஆகஸ்டில் கல்கத்தாவில் ரோடா கம்பெனியின் சரக்கிலிருந்து வங்கப் புரட்சியாளர்கள் ஐம்பது மவுசர் கைத்துப்பாக்கிகளைக் கடத்திச் சென்றதும் இதே இக்கட்டின் விளைவு. திருட முடிந்தது; செய்ய முடியவில்லை.

*

விடுதலைக்குப் பின் வந்த 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இனப்பாகுபாட்டை ஒழித்தது. உரிம முறையைத் தொடர்ந்தது. அச்சட்டத்தில் துப்பாக்கி என்பது முழுத் துப்பாக்கி மட்டுமன்று. அதன் உறுப்புகளும் அதனுள் அடங்கும். செய்வதற்கு மட்டுமல்லாது பழுதுபார்ப்பதற்கும் மாற்றியமைப்பதற்கும் உரிமம் வேண்டும். எனவே விசையை மாற்றுவது, வண்டியின் பிரேக் கட்டையை மாற்றுவது போன்ற தனிப்பட்ட விருப்பமன்று. 1980களின் நடுவில் தனியார் இறக்குமதியும் ஏறத்தாழ நின்றுபோயிற்று. விளையாட்டு வீரர் போன்ற சிலருக்கே விலக்கு. இதனால் விந்தையான நிலை ஒன்று உருவாயிற்று. தாத்தா காலத்து ஆங்கிலேயச் சுழல்துப்பாக்கியை முறையான உரிமத்தோடு வைத்திருப்பவர்க்கு ஆலை உறுப்பு என்பது பெயரளவில்தான் உண்டு; அவ்வாலை மூடப்பட்டிருக்கும், அல்லது அவ்வகையைச் செய்வதை விட்டிருக்கும். அவருக்கு எஞ்சியிருப்பவர், உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் ஒருவரே. அவர் வில்லுக்குப் பதமிட்டு, பல்லை இழைத்து, அந்த ஒரு துப்பாக்கிக்கென்றே ஓர் உறுப்பைச் செய்கிறார். 1801இல் அணைக்கப்பட்ட உலையின் ஒரு கனல் இன்னும் இருப்பது இத்தகையோரிடம்தான்.

ஆலைகளும் ஒரே குரலில் பேசுவதில்லை. ஆஸ்திரிய கிளாக் நிறுவனத்தின் கைத்துப்பாக்கிக்கு வழக்கமான விசை இழுப்பு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. நியூயார்க் காவல்துறைக்கென நீண்ட காலம் ஐந்து கிலோவுக்கு மேற்பட்ட இழுப்பு வைக்கப்பட்டது; பதற்றத்தில் தவறிச் சுட்டுவிடக்கூடாது என்பது நோக்கம், ஆனால் கனத்த விசை குறியைக் கெடுக்கிறது என்ற குறையும் எழுந்தது. மறுமுனையில், பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் இழுப்பு 500 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது மட்டுமே விதி. விளையாட்டு வீரர் நாடுவது அந்த எல்லையின் விளிம்பை. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் மனு பாகரின் துப்பாக்கி நடுவில் பழுதாகி, அதைச் சரிசெய்வதில் இருபது நிமிடங்களுக்கு அண்மையான நேரம் கழிந்து, இறுதிச் சுற்று வாய்ப்புப் பறிபோனது. மூன்றாண்டுக்குப் பின் பாரிஸில் அவர் இரண்டு வெண்கலம் வென்றார். மிகச் சிறந்த ஆலையின் மிக நுண்ணிய உறுப்பும் உடையக்கூடியதே. உடையும்போது அருகில் யார் இருக்கிறார்கள் என்பதே கேள்வி.

இனி, தொடங்கிய கேள்விக்கு நாம் விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். தற்காப்புக்காகவோ பணிக்காகவோ ஏந்தும் கைத்துப்பாக்கிக்கு, அதைச் செய்த ஆலை இன்றும் உறுப்பு தருமாயின், அதுவே தக்கது. காரணம் ஆலையின் பெருமை அன்று, பொறுப்பு. இழுப்பு இத்தனை, பல்லின் பிடிப்பு இத்தனை என்று சோதித்து, தவறினால் பதில் சொல்ல ஒருவர் இருக்கிறார். மென்மையான விசை வேண்டி முகமறியாத ஒருவரின் உறுப்பைப் பொருத்துவோர், அந்த மென்மை யாருக்கு ஆபத்து என்று எண்ணிப்பார்ப்பதில்லை. தேய்ந்த பல் எதிரே நிற்பவனைக் கேட்டுக்கொண்டு நழுவாது. போட்டி வீரருக்கு விதி வேறு, ஏனெனில் அவர் எதிரே இருப்பது தாள். ஆலை கைவிட்ட பழைய துப்பாக்கிக்கோ, தேர்ந்த கைவினைஞரே ஆலை. அவருடைய உறுப்பைப் போலி என்று அழைப்பது சொல்லின் பிழை.

ஆனால் இவ்விடை வாங்குபவனுக்கான விடை. சமூகத்துக்கான கேள்வி வேறு. இரண்டில் ஒன்றைத் தேர வேண்டுமானால் இரண்டும் இருக்க வேண்டும். கொல்லன் பூட்டு இருந்தவரையில் பாளையத்துக்குத் தேர்வு இருந்தது. 1801க்குப் பின் கும்பினிப் பூட்டு ஒன்றே இருந்தது, அதுவும் கும்பினியின் தோளில். ஹைதர் திண்டுக்கல்லில் ஆயுதச்சாலை வைத்தபோது விளங்கிக்கொண்ட உண்மையை இந்தியக் குடியரசும் விளங்கிக்கொண்டது. 1966இல் திருச்சியில் படைக்கலச் சாலை எழுந்தது. திண்டுக்கல்லிலிருந்து அது நூறு கிலோமீட்டர் தொலைவு. இடையில் கழிந்தவை இருநூறு ஆண்டுகளுக்கு மேல்.

ஆடலூரில் இன்று காட்டுமாட்டைச் சுட எவருக்கும் உரிமையில்லை. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது, தடுப்பது நன்றே. உரிமமில்லா நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி தமிழக மலை மாவட்டங்களில் அவ்வப்போது அறிவிப்பு வருவதையும் காண்கிறோம். அவை களையப்பட வேண்டியவையே. ஆனால் அவற்றை ஒப்படைப்போர் வரிசையில், தண்டவாளத் துண்டையும் குடைக்கம்பியையும் கொண்டு விசை செய்யத் தெரிந்த கை ஒன்றும் இருக்குமானால், துப்பாக்கியை வாங்கிக்கொண்டு அக்கைக்கு வேறொரு பூட்டுச் செய்யும் வேலையைக் கொடுப்பதுதான் 1801இல் எவரும் செய்யாதது.